பிடியரிசி சுமந்த இன்னாசியார்

சிலுவைக்குளம் பங்கில் இறந்தவர்களுக்குக் குழி வெட்டுகிற வேலையை இன்னாசியார் செய்துவந்தார். தேரிக்காட்டின் ஓரத்தில் செம்மணலும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் ஊர் அது. புனித செபஸ்தியார் கோயிலுக்கு அரை மைல் தள்ளிக் கல்லறைத் தோட்டம். அதன் வாசலை ஒட்டிய ஓலைக் குடிசையில் அவரும் அவர் மனைவி மதலேனம்மாளும் குடியிருந்தார்கள். ஊரில் யாராவது கண்ணை மூடினால் முதலில் கோயிலுக்கு ஓடித் துக்கமணி அடிப்பார். பிறகு வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்வார். வாய் திறந்து சொல்வதுகூட இல்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றால் போதும். வீட்டார் புரிந்துகொண்டு, யார் என்று மட்டும் கேட்பார்கள். அதன்பின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புவார்.

அன்றாடம் விடியும்போதே எழுந்து கல்லறைகளுக்கு நடுவே பாதையைப் பெருக்குவார். மேற்கு மூலையில் காலரா காலத்தில் புதைத்தவர்களின் கல்லறைகள் உண்டு. எழுத்தெல்லாம் தேய்ந்து யார் எவர் என்று தெரியாமல் போனவை. அவை ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஓர் அருள் நிறைந்த மரியே சொல்வார். பெயர் தெரியாமல் எப்படி வேண்டுகிறீர் என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, மாதாவுக்குத் தெரியுமே என்று பதில் சொன்னாராம். அவருடைய ஒரே மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போனபோது, அந்தக் குழியையும் அவரே வெட்டினார். இன்னொருவர் கையில் அந்த வேலையை விட அவருக்கு மனம் வரவில்லை.

ஊருக்கு அவர் வேண்டும். ஆனால் அவர் முகம் வேண்டாம். பெண் பார்க்கப் போகிறவர்கள் அவரைக் கண்டால் திரும்பிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை உள்ளே போகச் சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் அறிந்த இன்னாசியார், எதிரே நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் வருவது தெரிந்தால் தாமாகவே ஒரு பனைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொள்வார். திருப்பலியில் கடைசித் தூணை ஒட்டி உட்காருவார். திருவிழாவில் செபஸ்தியார் சப்பரம் வரும்போது, குழி வெட்டிய கை அதில் படக்கூடாது என்பது ஊர் வழக்கம் ஆனபடியால், எட்ட நின்று கும்பிடுவார். இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நாள் முழுக்கக் குழி வெட்டிவிட்டு வந்து, மதலேனம்மாள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு, இன்றைக்கு நல்ல மண், சீக்கிரம் விட்டுக்கொடுத்தது என்று சந்தோஷமாகச் சொல்கிற மனிதர் அவர்.

அப்போது இலங்கையில் போர் மூண்டிருந்தது. படகேறி வந்த சனங்களுக்காகப் மூன்று மைல் தொலைவில் அகதி முகாம் போட்டிருந்தார்கள். சனங்களோடு குருக்களும் வந்தார்கள். குண்டு விழுந்து கோயில் இடிந்தவர்கள், பங்கே காலியாகிப் போனவர்கள். அப்படி வந்த நான்கு குருக்களை ஆயர் இல்லம் சிலுவைக்குளத்துக்கு அனுப்பிவைத்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கி, காலையில் முகாமுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், மாலையில் திரும்புவதுமாக அவர்கள் இருந்தார்கள். நால்வரில் மூத்தவர் நீக்கிலாப்பிள்ளை அடிகள். எழுபது வயது. மாற்றுடை இல்லாமல் வந்த அவர் கையில் தம் பங்கின் ஞானஸ்நானப் புத்தகம் மட்டும் இருந்தது. அதில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சிறிய சிலுவை போட்டிருந்தார்.

பங்குத்தந்தை ரெமிஜியுஸ் அடிகள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், இவர்களுக்குச் சோறு போடுவது நம் கடமை என்று எடுத்துச் சொன்னார். பிடியரிசி எடுப்பது என்று முடிவாயிற்று. உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிச் சட்டியில் போட்டுவைப்பது. வாரக் கடைசியில் ஒருவர் வந்து சேர்த்துக்கொண்டு போவது. முதல் இரண்டு வாரம் இளைஞர் சபையார் போனார்கள். மூன்றாம் வாரம் அவர்களுக்குப் பந்து விளையாட்டு இருந்தது. நான்காம் வாரம் யாரும் போகவில்லை. அரிசி வீடுகளில் கிடந்து வண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் குருக்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு முகாமுக்குப் போனார்கள்.

பங்குப் பேரவை கூடியபோது, வாசலுக்கு வெளியே நின்றிருந்த இன்னாசியார் தாம் போவதாகச் சொன்னார். உடனே சிரிப்பு எழுந்தது. பேரவைத் தலைவர் குருசுமுத்து வாழைக்காய் மொத்த வியாபாரி. வாய்ச்சொல்லுக்கு ஊர் கட்டுப்படும்.

"ஏ இன்னாசி, நீ வீட்டு வாசல்ல வந்து நின்னா அரிசி எடுக்கவா ஓடுவாங்க? ஒப்பாரி வைக்கல்லா ஓடுவாங்க" என்றார் அவர்.

இன்னாசியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபின், பங்குத்தந்தையைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டுக்கு வீடு வழி எனக்குத் தெரியும் சாமி. இத்தன வருசம் கெட்ட சேதியா கொண்டுபோன காலு. ஒரு நல்ல காரியத்துக்கும் நடந்துக்கிடட்டுமே."

ரெமிஜியுஸ் அடிகளுக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை. சரி என்றார்.

முதல் சனிக்கிழமை குருசுமுத்து சொன்னபடியே நடந்தது. இன்னாசியார் வாசலில் நின்றதும் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் தட்டைக் கீழே போட்டுவிட்டு, யாருக்கு என்னாச்சு என்று அலறினார். அடுத்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் நிறைமாதப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மாமியார் ஒரு கை தண்ணீரை வாசலில் தெளித்து, போய்விடும்படி கைகாட்டினார். ஊர் முழுக்கச் சுற்றியும் ஒரு சிரட்டை அரிசிதான் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து மதலேனம்மாளிடம் நடந்ததைச் சொன்னார். சனங்கள் மேல் தப்பில்லை, பேசாமல் போய் நின்றது என் தப்பு, சாவுக்குப் போகிறபோதும் அப்படித்தானே நிற்கிறேன், அவர்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும் என்றார். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் பாடிக்கொண்டு போங்களேன் என்றார்.

இன்னாசியாருக்குப் பாட்டு வராது. குரல் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் மறு சனிக்கிழமை தெருமுனையிலிருந்தே மாதா பிரார்த்தனையை ராகம் போட்டுப் பாடிக்கொண்டு சாக்குப் பையோடு கிளம்பினார். பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, அவர் ஒவ்வொரு அடியாகப் பாட, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். துக்கச் சேதி சொல்ல வருகிறவர் பாடிக்கொண்டு வரமாட்டார் என்று ஊருக்குத் தெளிவாயிற்று. சிரித்துக்கொண்டே அரிசிச் சட்டியைக் கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி நின்றபடி பையில் கொட்டினார்கள். இரண்டு மாதத்தில் அவர் கொண்டுவரும் அரிசி நான்கு குருக்கள் உண்டதுபோக மீந்தது. மீந்ததை அவர்கள் முகாமுக்கு எடுத்துப்போனார்கள். பாலில்லாத தாய்மார்களுக்கு அங்கே கஞ்சி காய்ச்சினார்கள்.

இப்படி நடந்துவருகையில் ஒரு சனிக்கிழமை குருசுமுத்து வீட்டு வாசலிலும் பாடி நின்று அரிசி வாங்கினார் இன்னாசியார். திங்கட்கிழமை குருசுமுத்துவின் தகப்பனார் இறந்துபோனார். தொண்ணூறு கடந்து, நான்கு வருடமாகப் படுக்கையில் கிடந்தவர்தான். இருந்தாலும் துக்கத்தில் இருந்த மகனின் வாயிலிருந்து, அவன் வந்து பாடிவிட்டுப் போனான், அப்பா போய்விட்டார் என்ற பேச்சு வந்துவிட்டது. ஒரு நாளில் அது ஊர் முழுக்கப் பரவிற்று. யார் யாருக்கோ பழைய சாவுகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

இன்னாசியார் அந்தப் பெரியவருக்கு வழக்கத்தைவிட ஒரு முழம் ஆழமாகக் குழி வெட்டி, பக்கவாட்டு மண் சரியாதபடி தண்ணீர் தெளித்துத் தட்டிக் கொடுத்தார். அடக்கம் முடிந்து இலங்கைக் குருக்கள் முகாமுக்குப் போனபின், குருசுமுத்து ஊரார் எல்லார் முன்னிலும், இனி என் வாசலை மிதிக்காதே என்றார். பேரவையார் பங்குத்தந்தையிடம் முறையிட்டார்கள். சனங்கள் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாள் போகாமல் இரு என்று ரெமிஜியுஸ் அடிகள் தயங்கித் தயங்கிச் சொன்னார். உத்தரவு சாமி என்று சொல்லிவிட்டு இன்னாசியார் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு மட்டும் அவர் கஞ்சி குடிக்கவில்லை என்று மதலேனம்மாள் பின்னாளில் சொன்னதுண்டு.

ஆனாலும் சனிக்கிழமைதோறும் ஒரு சின்னப் பை அரிசி பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இன்னாசியார் வருவார், பையை வாசலில் வைத்துவிட்டு, தோத்திரம் சொல்லிவிட்டுப் போவார். பங்குக்கு என்ன கஷ்டமோ, அரிசி குறைந்துபோயிற்று என்று குருக்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் நீக்கிலாப்பிள்ளை அடிகள், தம் ஊர் இறந்தவர்களுக்காகச் செபிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர், குடிசை வாசலில் மதலேனம்மாள் அரிசி புடைப்பதைக் கண்டார். அதே பை பக்கத்தில் இருந்தது. ஊரார் கொடுக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஊருல நிறுத்திட்டாங்க சாமி. நாங்க ரெண்டு நேரம் பொங்குனத ஒரு நேரமாப் பொங்குறோம். வயசாயிட்டுல்லா, நிறைய இறங்க மாட்டேங்குது."

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு, நடந்ததையெல்லாம் அடிகள் அறிந்துகொண்டார். அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தின் உள்ளேயிருந்து வந்த இன்னாசியார், அந்தச் சின்னப் பை தெரிந்துபோய்விட்டதே என்று வெட்கப்பட்டு நின்றார்.

"வாற சனிக்கிழமை நானும் உங்களோடை வாறன்" என்றார் அடிகள். "சாக்கை நான் பிடிக்கிறன். நீங்கள் பாடுங்கோ."

பங்குச் சாமியார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்று இன்னாசியார் தயங்கினார். அவரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று அடிகள் எழுந்து போனார். ரெமிஜியுஸ் அடிகள் தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் புறப்பட்டார்கள். வெள்ளை அங்கியோடு எழுபது வயதுக் குரு சாக்கைப் பிடித்து வர, முன்னால் குழி வெட்டுகிறவர் தகரக் குரலில் பாடிக்கொண்டு வந்தார். யாரும் கதவைச் சாத்தத் துணியவில்லை, திறக்கவும் துணியவில்லை. குருசுமுத்து வீட்டு வாசலுக்கு வந்ததும் இன்னாசியார் பாட்டை நிறுத்தி, தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார். அடிகள் அவரை மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து தம் பக்கத்தில் நிறுத்தினார். குருசுமுத்து வெளியே வந்தார். சாமி மட்டும் உள்ளே வாருங்கள் என்று அழைத்தார். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடிகள் கோபப்படவில்லை. தம் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துத் திறந்து காட்டினார்.

"இதிலை நான் சிலுவை போட்டிருக்கிற ஆக்கள் பதினாலு பேர். ஷெல் விழுந்த அண்டைக்குச் செத்தவை. அவையளை அடக்கம் செய்ய என்னாலை முடியேல்லை. கோயில் முற்றத்திலை, வெய்யிலிலை விட்டிட்டுத்தான் நான் ஓடி வந்தனான். குழி வெட்ட ஒரு மனுசன் இருக்கேல்லை ஐயா." புத்தகத்தை மூடினார். "உங்கடை அப்பாவை எவ்வளவு பவுத்திரமாய் இந்த மனுசன் மண்ணுக்குள்ளை வைச்சவர் எண்டு நான் பக்கத்திலை நிண்டு பார்த்தனான். இவரின்ரை கையாலை வாற சோறு எனக்கு நற்கருணைக்கு அடுத்தது."

குருசுமுத்து திரும்பி உள்ளே போனார். எல்லாரும் கதவு சாத்தப்படும் என்று எதிர்பார்த்தார்கள். சற்று நேரத்தில் அவர் மனைவி ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாக்கில் கொட்டினார். இன்னாசியார் வராமல் போன வாரங்களிலும் அந்த அம்மாள் ஒரு நாள் தவறாமல் பிடியரிசி எடுத்துவைத்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரா வாரம் வாங்க என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த வீடுகள் திறந்தன. நிறைமாதமாக இருந்தவள் கைக்குழந்தையோடு வந்து, பிள்ளையின் கையால் ஒரு பிடி எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்த இன்னாசியார் பாட்டின் நடுவே அடியை மறந்துபோய், சொன்ன மாதா பெயரையே மூன்று தரம் சொன்னார். பிள்ளைகள் அதற்கும் சளைக்காமல் வேண்டிக்கொள்ளும் என்றார்கள்.

அதன்பின் சாக்குப் போதாமல் தள்ளுவண்டி வந்தது. பக்கத்துப் பங்குகளும் பிடியரிசி எடுக்கத் தொடங்கி, எப்படி எடுப்பது என்று இன்னாசியாரிடம் கேட்டுப் போனார்கள். அவர், பாடிக்கொண்டு போகவேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை எதுவும் சொல்லவில்லை.

மறு வருடம் தை மாதத்தில் செபஸ்தியார் திருவிழா வந்தது. அந்த வருடம் மழை பிந்திப் பெய்து, சப்பரம் வழக்கமாகப் போகும் தெற்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மாற்றுப் பாதை என்றால் கல்லறைத் தெரு ஒன்றுதான். சவம் போகிற வழியில் புனிதரைக் கொண்டுபோவதா என்று சில பெரியவர்கள் முனகினார்கள். அங்கே படுத்திருப்பவர்களும் இந்தப் பங்கு மக்கள்தானே என்று ரெமிஜியுஸ் அடிகள் முடிவாகச் சொல்லிவிட்டார். மாலைத் திருப்பலி முடிந்து, சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் பூவும் விளக்குமாகச் சப்பரம் புறப்பட்டது. நேராக வந்து, இன்னாசியாரின் குடிசைக்கு எதிரே இரண்டு சக்கரமும் மணலில் இறங்கி நின்றுவிட்டது.

இளைஞர்கள் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க இன்னும் இறங்கிற்று. செபஸ்தியார் ஒரு பக்கம் சாய்ந்தார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். அப்போதே சொன்னோமே, இந்த வழி ஆகாது என்று பெரியவர்கள் கையை உதறினார்கள்.

இன்னாசியார் அங்கே இல்லை. திருவிழாவன்று எல்லா வீட்டிலும் உலை ஏறும், அரிசி நிறையச் சேரும், முகாமில் இருப்பவர்களும் மறுநாள் வயிறார உண்ணட்டும் என்று வடக்குத் தெருப் பக்கம் வண்டியோடு போயிருந்தார். அழுகைக்கு நடுவே தூரத்திலிருந்து அந்தத் தகரக் குரல் கேட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இன்னாசியார், தம் குடிசை முன்னால் செபஸ்தியார் நிற்பதைக் கண்டு பாட்டை நிறுத்தினார். பழக்கத்தினால் எட்டவே நின்று கும்பிட்டார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார்.

"இழுக்காதீங்க. இது மேல கெட்டியாத் தெரியும், உள்ள பொலபொலன்னு இருக்கும். முன்னால சரிவா வெட்டி, அடியில பலகை குடுக்கணும்" என்றார்.

சொன்னவர் தாம் கிட்டப் போகவில்லை. தள்ளியே நின்றார். கூட்டத்திலிருந்து குருசுமுத்து வெளியே வந்தார். குடிசைச் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தாமே போய் எடுத்துவந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க வெட்டுங்க."

அதுவரை அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. இன்னாசியார் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குனிந்தார். முப்பது வருடம் பழகிய மண் அவருக்கு வசப்பட்டது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் அளந்ததுபோலச் சரிவு எடுத்தார். பலகைக்கு எங்கே போவது என்று இளைஞர்கள் தேடிக்கொண்டிருக்கையில், மதலேனம்மாள் குடிசையின் பனம்பலகைக் கதவை முளையிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதை இரண்டாகப் பிரித்துச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்தார்கள். இன்னாசியார் நிமிர்ந்து, சாய்ந்திருந்த சப்பரத்துக்குத் தோள் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை. ஒரே மூச்சில் சப்பரம் எழும்பி, அந்தக் கதவின்மேல் ஏறி, கெட்டித் தரைக்கு வந்து நேராக நின்றது.

கோயில் மணி அடித்தார்கள். சனங்கள் செபஸ்தியாரைக் கும்பிட்ட கையோடு இன்னாசியாரையும் பார்த்தார்கள். வழி தவறி நின்றதல்ல, இவரைப் பார்க்கத்தான் புனிதர் நின்றிருக்கிறார் என்று அப்போது எல்லாருக்கும் ஒரே எண்ணம் வந்தது. மணல் இளகியிருந்தது, பாரம் தாங்கவில்லை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அத்தனை நீளத் தெருவில் எங்கும் இறங்காத சக்கரம் அந்த வாசலில் இறங்கியதை ஊர் வேறுவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. நீக்கிலாப்பிள்ளை அடிகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாசி, புனிதர் உங்கடை வீட்டுக் கதவாலை வந்திட்டார்" என்றார்.

இன்னாசியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. தோளில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை எடுத்து மதலேனம்மாளின் கையில் கொடுத்தார். மதலேனம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகளின் கல்லறை இருக்கும் பக்கம் திரும்பி நின்றார். சற்றுப் பொறுத்து இன்னாசியார், வண்டியை முகாமுக்கு அனுப்ப நேரமாகிறது என்று மெல்ல நினைவூட்டினார். அந்த வண்டியை அன்றைக்குக் குருசுமுத்து தள்ளினார்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அவர் பிடியரிசி எடுத்தார். போர் சற்று ஓய்ந்து குருக்கள் தங்கள் ஊருக்குத் திரும்பியபின் அந்த அரிசி முகாமுக்கே போயிற்று. நீக்கிலாப்பிள்ளை அடிகள் போய்ச் சேர்ந்ததும் எழுதிய முதல் கடிதத்தில், பதினான்கு பேருக்கும் குழி வெட்டிச் சிலுவை நட்டுவிட்டதாக எழுதியிருந்தார். அதைப் பங்குத்தந்தை வாசிக்கக் கேட்ட இன்னாசியார், ஆழம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறாரா என்று கேட்டு, சுற்றி இருந்தவர்களைச் சிரிக்க வைத்தார். செபஸ்தியார் சப்பரம் தெற்குத் தெரு காய்ந்த வருடங்களிலும் கல்லறைத் தெரு வழியாகவே போகலாயிற்று.

தம் எழுபத்தாறாம் வயதில், ஒரு காலை நேரம், பாதை பெருக்கிக் கால்கழுவி வந்து உட்கார்ந்தபடியே இன்னாசியார் ஆண்டவரிடம் போனார். அரிசிச் சாக்கைச் சுமந்து ஊரின் வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்த அந்த எளிய அடியாருக்கு, வானகத்தின் வாசல் காத்திருக்க வைக்காமல் திறந்திருக்கும் என்பது சிலுவைக்குளத்தார் நம்பிக்கை. எங்கள் நம்பிக்கையும் அதுவே.